மல்லிகாவையும் நான்தான் குளிப்பாட்டினேன்

கண்ணான என் ரெஜினாவுக்கு,

ஊருக்கு நாம் சம்பந்திகள். உன் மகன் சேவியருக்கு என் மகள் பிரமிளாவைக் கொடுத்த நாளிலிருந்து விசேஷ வீடுகளில் நம்மை அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நமக்குள் மட்டும் என்றைக்கும் நீ, நான், வாடி, போடிதான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காத சேதி ஒன்று இருக்கிறது. பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உன்னை அடக்கம் செய்த சில மாதத்தில் பிறந்தாள். சேவியர் யாரையும் கேட்காமல் உன் பெயரையே வைத்துவிட்டான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது கை நீட்டினால் உன்னைப் போலவே மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

நம் மாதர் பணிக்குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஜெசிந்தா விடவில்லை. ஆஸ்பத்திரி ஆயா வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்றாளே தவிர, அந்த அதட்டல் இன்னும் ஓய்வு பெறவில்லை. "ரெஜினா குந்துன நாற்காலில வேற எவளாவது குந்துனா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று வட்டாரக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள்.

வருடம் எப்போதும்போலச் சுற்றி வந்தது. பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஆகஸ்டில் மாதா கொடியேற்றத்துக்கு உட்கார்ந்து பூக்கட்டினோம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் பிடுங்கி, சிலுவைகளுக்கு வெள்ளை அடித்தோம். அப்புறம் மழை, சோற்றுப் பொட்டலம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எல்லாப் பங்குப் பெண்களும் வந்தார்கள். சண்டையும் போட்டார்கள், வேலையும் செய்தார்கள்.

ஆனால் எந்த மாதத்துக்கும் சொந்தமில்லாமல் எல்லா மாதமும் வருகிற வேலை ஒன்று நமக்கு உண்டே. ஆளில்லாமல் சாகிற பெண்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, அடக்கம் செய்து வருகிற வேலை. அதை ஆரம்பித்தவள் நீ. "ஆம்பள பொணத்துக்கு நாலு தோஸ்துங்களாவது வந்து நிப்பானுங்க. பொம்பள பொணத்துக்கு எவன் தண்ணி ஊத்துவான்?" என்று நீதான் கூட்டத்தில் கேட்டாய். அப்புறம் நீயே ஒரு சட்டமும் போட்டாய். "எந்த மதமா இருந்தா இன்னா, எப்படி வாழ்ந்திருந்தா இன்னா. கூப்ட்டா போவணும். முடியாதுன்னு நம்ம வாயால சொல்லக் கூடாது."

அந்தச் சட்டத்தினால்தான் எல்லாம் வந்தது, ரெஜினா.

உன்னைக் குளிப்பாட்டியதும் நாங்கள்தான். நானும் ஜெசிந்தாவும். மார்பில் இருந்த கட்டியை இத்தனை மாதம் எப்படி மறைத்தாய் என்று ஜெசிந்தா உன் உடம்பைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். உன் கைகளை நெஞ்சின் மேல் சேர்த்து வைத்து, செபமாலையைச் சுற்றினேன். வலது கை படிந்தது. இடது மணிக்கட்டு மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பித் திரும்பி நின்றது. துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் படியில் வழுக்கி விழுந்து உடைந்த கை என்று நீ சொல்வாயே, அந்தக் கை. கைக்குட்டையால் கட்டி, பூவைப் போட்டு மறைத்தேன். விழுந்து உடைந்தது என்றே அப்போதும் நினைத்தேன்.

போன மழையில் ஒரு காலை. இரண்டு நாளாக விடாமல் அடித்து அப்போதுதான் கொஞ்சம் நின்றிருந்தது. எண்ணூரிலிருந்து ஜரினா என்றொரு பெண் போன் செய்தாள். முந்தின வருடம் அவள் வீட்டில் தண்ணீர் புகுந்தபோது நம் ஆட்கள் அரிசி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பழக்கம். "சர்ச்சம்மா, எங்க லைன் வூட்ல ஒரு அம்மா மவுத்தாயிடுச்சு. யாருமே இல்லம்மா. வூட்டு ஓனரு ஒடனே எடுங்கன்னு பேஜாரு பண்றாரு. ஆம்பளைங்க தூக்கறேன்றாங்க. குளிப்பாட்டத்தான் ஆளில்ல" என்றாள்.

நானும் ஜெசிந்தாவும் ஷேர் ஆட்டோ பிடித்தோம். திருவொற்றியூர் தாண்டியதும் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. கடைசியில் இறங்கி நடந்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். அதன் மேல் எண்ணெய், வானவில் மாதிரி. ஜெசிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இது கலீஜு தண்ணி இல்ல, கெரசின் கடை" என்றாள். அந்த வாடை மூன்று நாள் என் மயிரை விட்டுப் போகவில்லை.

கழிமுகத்தை ஒட்டி ஆறேழு வீடுகள் வரிசையாக, ஓடு போட்டு. கடைசி வீடுதான். ஜரினா வாசலில் நின்றாள். நாற்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, கையில் துடைப்பம். உள்ளே வந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தி, அதன் மேல் அந்த அம்மாவைப் போட்டிருந்தார்கள். சிறுநீரகம் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்களாம். முகமும் காலும் வீங்கிப்போயிருந்தன. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து சர்ட்டிபிகேட் எழுதித் தந்திருந்தார்.

"பேர் இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"மல்லிகா" என்றாள் ஜரினா.

ஊரில் எத்தனையோ மல்லிகா. நான் ஒன்றும் நினைக்கவில்லை. பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான் சுவரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் மாலை போட்ட படம். மீசையை முறுக்கிக்கொண்டு, துறைமுகத்துக் காக்கிச் சட்டையில் உன் புருஷன் சூசை.

ஜெசிந்தாவும் பார்த்துவிட்டாள். அவள் முதலில் படத்தைப் பார்த்தாள், அப்புறம் கட்டிலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "வாடி போலாம். கார்ப்பரேஷனுக்கு போன் போட்டா அவங்க வந்து எடுத்துகினு போவாங்க. இது நமக்கு வேணாம்" என்றாள் மெல்லிய குரலில். அவள் மெல்லிய குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மல்லிகாவை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். சூசை ஆஸ்பத்திரியில் செத்து, நீங்கள் ராயபுரத்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்த அன்று. எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மர் ஓரமாக ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சேவியர் போய் அவளைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் விட்டான். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வார்த்தைதான் உனக்கு. திருடி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீ எழுந்துவந்து சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். போ என்றால் போயிருப்பேன். செய் என்றால் செய்திருப்பேன். நீ போட்ட சட்டம்தான் எனக்கு முன்னால் நின்றது. சட்டம் போடும்போது உனக்கு இந்த முகம் ஞாபகத்தில் இருந்ததா, இல்லையா?

சேவியரிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று தோன்றியது. வாசலில் நின்று போன் போட்டேன். அவன் கன்டெய்னர் யார்டில் வேலையில் இருந்தான். பின்னால் இரும்புச் சத்தம்.

"சேவியரு, மல்லிகா செத்துடுச்சுப்பா."

"எந்த மல்லிகா?" என்றான். தெரிந்துதான் கேட்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது.

"குளிப்பாட்ட ஆளில்லைன்னு கூப்ட்டாங்க. வந்த பொறவுதான் யாருன்னு தெரிஞ்சுது. உன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அத்த, அந்தப் பொம்பளையாலதான் எங்கப்பா எங்கள வுட்டுட்டுப் போனாரு. எங்கம்மா அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது. தொட்டீங்கன்னா அந்தக் கையோட என் வூட்டுக்கு வராதீங்க. என் புள்ளையத் தூக்காதீங்க."

வைத்துவிட்டான். குழந்தைக்கு அப்போது தலைகூட நிற்கவில்லை. வீட்டு ஓனர் குடையோடு வந்து, "ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? வாடை வந்துச்சின்னா வேற ஆளு வூட்டுக்குக் குடி வருவானா?" என்றார். அவர் பேச்சைக் கேட்டதும் எனக்குள் இருந்த தயக்கம் போய்விட்டது. உள்ளே போய்ச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். ஜெசிந்தாவும் வாளியை எடுத்தாள்.

தெருக்குழாயில் கறுப்பாக வந்தது. ஜரினா தன் வீட்டுக் குடிதண்ணீர் கேனைத் தூக்கிவந்து வைத்தாள். "இதுல குளிப்பாட்டுங்கம்மா. அது கஸ்டப்பட்டுடுச்சு. நல்ல தண்ணில போவட்டும்" என்றாள். பிள்ளைகளுக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர். நான் மறுத்தும் கேட்கவில்லை.

முதுகெல்லாம் படுக்கைப் புண். மெதுவாகத் துடைத்தோம். அவளுடைய பழக்கப்படி மஞ்சள் பூசினோம். ஜெசிந்தா குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பொட்டு வெக்கறதா, வேணாவா? இது இன்னா கணக்குல வருது?" என்று என்னைக் கேட்டாள். தாலி கட்டியவளா, கட்டாதவளா, விதவையா? யாரைக் கேட்பது? நான் வாங்கி வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அப்புறம் கைகளைச் சேர்த்தேன். வலது கை படிந்தது. இடது கை படியவில்லை.

மறுபடி வைத்தேன். மறுபடி திரும்பிக்கொண்டது. மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்து, எலும்பு ஒரு முண்டாகத் துருத்திக்கொண்டு இருந்தது. என் விரலுக்கு அந்த முண்டு தெரியும், ரெஜினா. அதே வருடத் தவக்காலத்தில் உனக்கு அதைத்தான் கைக்குட்டையால் கட்டினேன்.

"இந்தக் கை எப்படி ஒடஞ்சுது?" என்று கேட்டேன்.

ஜரினா படத்தைப் பார்த்தாள். "அதோ, அந்தாளுதான். குடிச்சிட்டு வந்தா மனுசன் இல்லம்மா. கைய முறுக்கி ஒடிச்சிட்டான். நாங்க சத்தம் கேட்டு ஓடியாந்தோம். எங்க வூட்டுக்காரருதான் ஆட்டோல தூக்கிகினு போனாரு. டாக்டரு கேட்டதுக்கு, படியில வுழுந்துட்டேன்னு சொல்லுச்சு." அவள் துடைப்பத்தால் வாசலைக் காட்டினாள். "நீங்களே பாருங்கம்மா. இந்த லைன் வூட்ல படி எங்க கீது?"

ஜெசிந்தா குவளையைக் கீழே போட்டுவிட்டாள். நான் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் செங்கல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

படியில் விழுந்தேன் என்று சொல்ல உங்கள் இரண்டு பேருக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்தானா? அல்லது அடி வாங்குகிற பெண்கள் எல்லோருக்கும் அந்த ஒரு பொய்தான் வாயில் வருமா? அவளைத் திருடி என்றாயே ரெஜினா. உன் வீட்டிலிருந்து அவள் திருடிக்கொண்டு போனது இதைத்தான். அவன் உங்களை விட்டுப் போனபோது நீ அழுதாயாம். எனக்கு அது இப்போது புரியவில்லை. எதற்காக அழுதாய்?

அவளுக்கும் கைக்குட்டையால் கட்டினேன். ஜரினாவின் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஆட்களும் கட்டிலோடு தூக்கித் தண்ணீரில் நடந்தார்கள். அமரர் ஊர்தி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்த இடுகாட்டில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறுகிறது, இங்கே முடியாது என்று சொல்லிவிட்டதால் மூலக்கொத்தளம் மயானத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கேயும் மண் சேறாகத்தான் இருந்தது. ஜெசிந்தா பரலோக மந்திரம் சொன்னாள். ஜரினா இரண்டு கையையும் ஏந்தித் தன் துஆவைச் செய்தாள். உறவு என்று மண் போட யாருமில்லை. நான் போட்டேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சேவியர் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்து பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் மூடியபடியே திரும்பி வந்தது. சந்தைக்குப் போகிற வழியில் மாடியில் குழந்தையின் துணி காய்வதைப் பார்த்துவிட்டு நடப்பேன். பூசையில் அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஃபாதர் சமாதானம் பரிமாறிக்கொள்ளச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

பெரிய வெள்ளிக்கு எப்போதும்போலக் கோயில் மைதானத்தில் கஞ்சி காய்ச்சினோம். அடுப்படியில் புகைக்கு நடுவில் பிரமிளா வந்து நின்றாள். குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டு, அவனுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக் கிண்ட ஆரம்பித்தாள். முகத்தைக் காட்டவில்லை.

"அவரு முந்தி மாதிரி இல்லம்மா" என்றாள். "எதுக்கெடுத்தாலும் கத்துறாரு. நேத்து சோத்துத் தட்டத் தூக்கி அடிச்சாரு. என் மேல இல்ல, செவுத்துல. புள்ள அலறிடுச்சு. எனக்குப் பயமா கீதும்மா."

"கைய நீட்டுனானா?"

"இல்ல." கொஞ்ச நேரம் கிண்டினாள். "இன்னும் இல்ல."

அந்த 'இன்னும்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் கஞ்சி ஊற்ற முடியவில்லை. ஜெசிந்தாவிடம் அண்டாவை ஒப்படைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். உனக்கு யாராவது இப்படி ஒரு அடுப்படியில் சொல்ல இடம் கொடுத்திருந்தால் நீ சொல்லியிருப்பாயா?

உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாள் பிற்பகல் உன் வீட்டுக்குப் போனேன். சேவியர் கதவைத் திறந்தான்.

"வராதீங்கன்னு சொன்னேன்ல."

"உள்ள வரல. இங்கயே நின்னு சொல்றேன், கேளு" என்றேன். எதிர் வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். "உங்கம்மாவக் குளிப்பாட்டுனவ நானு. அந்தம்மாவையும் நான்தான் குளிப்பாட்டுனேன். ரெண்டு பேருக்கும் எடது கை ஒரே எடத்துல ஒடஞ்சிருந்துச்சு. ரெண்டு பேரும் படியில வுழுந்தேன்னுதான் சொன்னாங்க. ஒடச்சவன் ஒருத்தன்."

பொய் என்று கத்துவான், என்னைத் தள்ளுவான் என்று நினைத்தேன். தயாராகத்தான் நின்றேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது அவனுக்கு. மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரியும் அத்த" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"நான் கட்டிலுக்கு அடில இருந்தேன். அம்மா கத்தவேயில்ல. கை ஒடையற சத்தந்தான் கேட்டுச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து இன்னாடா ஆச்சுன்னு கேட்டாங்க. அம்மா என்னையே பாத்துகினு இருந்துச்சு. படியில வுழுந்துட்டாங்கன்னு சொன்னேன். அம்மாதான் சொல்லச் சொல்லி வெச்சிருந்துச்சு. ஸ்கூல்ல சொன்னேன், சாமியாரு கேட்டப்ப சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிடுச்சு. அப்பா நல்லவரு, அந்தப் பொம்பளதான் கெடுத்துடுச்சுன்னு நெனச்சிகினு இருந்தா தேவலாம் போல இருந்துச்சு."

உன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுவதும் ஆறவில்லை. அந்தப் பொய்யை நீ உன் வாயில் வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் ஏன் வைத்தாய்? அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாயா? தெருவில் தலைகுனிய வேண்டாம் என்று நினைத்தாயா? உனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான் என்று ஜெசிந்தா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த வழி என் மகள் வீடு வரைக்கும் வந்துவிட்டதே, ரெஜினா.

பிரமிளா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். நான் அவனிடம், "தட்டு செவுத்துல பட்டுச்சு. அடுத்தது எங்க படும்னு நீயே சொல்லு" என்றேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். குழந்தை அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தது. நான் வந்துவிட்டேன்.

என்னை அவன் மன்னித்தானா, நான் அவனை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரமிளாவும் குழந்தையும் வருகிறார்கள். அவன் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறான். "இப்ப கத்துறதில்லம்மா. பேசறதும் இல்ல. உக்காந்துகினே இருக்காரு" என்கிறாள் பிரமிளா. அது நல்லதற்கா, வேறு எதற்காவதா? ஒவ்வொரு ஞாயிறும் அவள் உள்ளே வரும்போது நான் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். குழந்தையை அப்புறம்தான் பார்க்கிறேன்.

இந்த வாரம் நம் ஆண்டுக் கூட்டம் நடந்தது. உன் படத்துக்கு மாலை போட்டார்கள். பேசினவர்கள் எல்லோரும் உன்னைத் தைரியசாலி என்றார்கள். வரும் வருடத்துக்கான வேலைகளைச் சொல்லும் முறை வந்தபோது நான் எழுந்தேன். நோயாளிகளைப் பார்க்கப் போகிற மாதிரி, அடி வாங்குகிற பெண்களின் வீடுகளுக்கும் நாம் போக வேண்டும், போய்ப் பேச வேண்டும், தேவைப்பட்டால் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "இதெல்லாம் குடும்ப விஷயம் லூர்து. நாம பூந்தோம்னா நாளைக்கு நம்மள எந்த வூட்டுக்குள்ளயும் வுட மாட்டாங்க" என்றாள். பலபேர் தலையாட்டினார்கள்.

ஜெசிந்தா எழுந்தாள். "செத்துட்டா மட்டும் உள்ள வுடுறாங்களே" என்றாள். "வந்து தண்ணி ஊத்துன்னு கூப்புடுறாங்களே. அப்ப மட்டும் குடும்ப விஷயம் இல்லியா?"

நான் அப்போதுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன். மல்லிகாவைப் பற்றியும் சொன்னேன். தைரியசாலி என்று பேசின பெண்கள் உன் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். உன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். வாங்கப்பட்டது உன் மானம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது. ஃபாதரிடம் கேட்டுச் சொல்லலாம் என்றார்கள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என் பக்கத்தில் வந்தாள். திருவொற்றியூர்க்காரி. பீடத் துணிகளுக்குப் பூவேலை செய்து தருவாள், வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாற்காலியை மடக்கி என் கையில் கொடுத்தாள்.

"யக்கா, மொதல்ல எங்க வூட்டுக்கு வர்றீங்களா?" என்றாள்.

ஆண்டு மலருக்கு என்னிடம் அறிக்கை கேட்டார்கள். நோட்டுப் புத்தகம், சோற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் எழுதி ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டேன். கூடவே இந்தக் கடிதத்தையும் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் பிரமிளாவிடம் கேட்டேன். "சேவியர்கிட்ட கேளும்மா" என்றாள். அவனுக்கு போன் செய்தேன். மழைக்குப் பிறகு அவன் என் போனை எடுத்தது அதுதான் முதல் தடவை. "போட்டுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நாளைக் காலையில் நானும் ஜெசிந்தாவும் திருவொற்றியூர் போகிறோம். கூட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் புருஷன் என்ன மாதிரி ஆள், கதவைத் திறப்பானா, நாயை அவிழ்த்துவிடுவானா, எனக்குத் தெரியாது. ஜெசிந்தாவுக்கு முழங்கால் வலி, எனக்கு சுகர். நாங்கள் என்ன கிழித்துவிடப் போகிறோம் என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், ரெஜினா. போகிற வீட்டில் அவள் எதையாவது மறைத்துப் பேசினால், நான் உன்னைப் பற்றிச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். எனக்கொரு சிநேகிதி இருந்தாள், ஊரையே அதட்டுவாள், தன் வீட்டில் நடந்ததை மட்டும் ஒருத்தியிடமும் சொல்லாமல் செத்துப்போனாள் என்று சொல்வேன். உன் பெயரையும் சொல்வேன். அவள் பேசுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் பேத்திக்கு இன்னொரு பாட்டி,
உன் சம்பந்தி,
லூர்து